வேலையைப் பறிப்பது இறக்குமதியா, இயந்திரமா?

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் வேலப்பன்சாவடியிலிருந்து நூம்பலுக்குத் திரும்பும் பக்கம், ஷிப்ட் மாறும் நேரங்களில் கம்பெனி பேருந்துகளும் வேன்களும் நின்று நின்று ஆள் ஏற்றிப் போகும். மேற்கே திருமழிசை, இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர். வடக்கே அம்பத்தூர், ஆவடி. இந்தத் தொழிற்பேட்டைகள் தரும் சம்பளத்தை நம்பி நூம்பல், திருவேற்காடு, அயனம்பாக்கம் பகுதிகளில் ஏராளமான வீடுகளில் அடுப்பு எரிகிறது. வேலை போனால் முதல் தேதி வாடகை நிற்கும். பள்ளிக் கட்டணம் நிற்கும். அந்த வேலை ஏன் போகிறது என்று கேட்டால் இரண்டு பதில்கள் வருகின்றன. சீனாவிலிருந்தும், வரிக் குறைப்போடு தாய்லாந்திலிருந்தும் வந்து குவியும் பொருள்கள் என்பது ஒன்று. மனிதன் செய்ததை மெஷின் செய்ய ஆரம்பித்துவிட்டது என்பது மற்றொன்று. மேடைகளில் அதிகம் ஒலிப்பது முதல் பதில். இந்த மேற்குப் புறநகரைப் பொறுத்தவரை இரண்டாவதுதான் உண்மைக்கு அருகில் இருக்கிறது என்பது என் முடிவு. அதற்கான காரணங்களைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தள்ளிவைக்க வேண்டும். நம் நினைவில் பெரிதாக நிற்கும் ஆலை மூடல்கள் பலவற்றுக்கு இந்த இரண்டுமே முதற்காரணம் கிடையாது. 2006-இல் தொடங்கிய ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலை, உச்சத்தில் சுமார் 8,000 பேருக்கு நேரடி வேலை தந்தது. அவர்களில் பெரும்பாலோர் இளம்பெண்கள். 2014 நவம்பர் 1-ஆம் தேதி அங்கே உற்பத்தி நின்றது. வரித் தகராறில் சொத்துகள் முடங்கியதால், மைக்ரோசாப்ட் நோக்கியாவின் கைப்பேசித் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை அந்தக் கைமாற்றத்தில் சேரவில்லை. மறைமலைநகர் ஃபோர்டு ஆலை 2021 செப்டம்பரில் மூடுவதாக அறிவிக்கப்பட்டு, 2022 ஜூலையில் கடைசிக் காரை வெளியே அனுப்பியது. கார் போதுமான அளவு விற்காமல் ஆண்டுக்கணக்கில் நஷ்டம் சேர்ந்ததே அதற்குக் காரணம். இவற்றை இறக்குமதியின் கணக்கிலோ ரோபோவின் கணக்கிலோ எழுதுவது தவறு.

வெளிநாட்டு வர்த்தகம் இந்தப் பகுதிக்குத் தந்த வேலைகளையும் நேர்மையாகக் கணக்கில் எடுக்க வேண்டும். இருங்காட்டுக்கோட்டையில் கார் செய்யும் ஹூண்டாய், 2020 ஜனவரிக்குள் 30 லட்சம் கார்களை ஏற்றுமதி செய்து முடித்திருந்தது. ஸ்ரீபெரும்புதூரில் இன்று பல்லாயிரம் பெண்கள் ஐபோன் அசெம்பிளி வரிசையில் உட்கார்ந்திருப்பது, அந்தக் கைப்பேசி கடல் கடந்து விற்பதால்தான். வர்த்தகக் கதவு சாத்தப்பட்டால் என்ன ஆகும் என்பதை 2025 ஆகஸ்ட் 27-ஆம் தேதி திருப்பூர் கண்டது. அமெரிக்கா இந்தியப் பொருள்கள் மீது 50 சதவீத வரியை அமலாக்கியதும், அங்கே ஆர்டர்கள் நின்று போயின. சுதந்திர வர்த்தகத்தை வேலைக்கொல்லி என்று மட்டும் அழைப்பவர்கள் திருப்பூருக்கு என்ன பதில் சொல்வார்கள்?

அதற்காக வர்த்தகம் யாரையும் காயப்படுத்தவில்லை என்று சொல்ல முடியாது. சிவகாசி, கோவில்பட்டி தீப்பெட்டித் தொழிலை மலிவான பிளாஸ்டிக் லைட்டர்கள் அரித்ததால்தான், 20 ரூபாய்க்குக் குறைவான லைட்டர் இறக்குமதிக்கு 2023 ஜூனில் ஒன்றிய அரசு தடை போட்டது. இந்தக் காயத்தின் ஆழத்தை அதிகம் அளந்து பார்த்த நாடு அமெரிக்கா. 2000-க்கும் 2010-க்கும் இடையில் அங்கே உற்பத்தித் துறை வேலைகள் சுமார் 1.73 கோடியிலிருந்து 1.15 கோடியாகச் சரிந்தன. இந்தச் சரிவில் ஏறத்தாழ 87 சதவீதம் உற்பத்தித்திறன் உயர்வால், 13 சதவீதம் வர்த்தகத்தால் என்று அங்குள்ள பால் ஸ்டேட் பல்கலைக்கழக ஆய்வு ஒன்று பிரித்துக் காட்டியது. அந்தக் கணக்கை நான் அப்படியே ஏற்கவில்லை. கணினித் துறையின் அபார வளர்ச்சி ஒன்றே மொத்த உற்பத்தித்திறனை ஊதிப் பெரிதாக்கிக் காட்டியது என்று பொருளாதார அறிஞர் சூசன் ஹவுஸ்மன் எழுப்பிய ஆட்சேபம் வலுவானது. டேவிட் ஆட்டர், டேவிட் டோர்ன், கார்டன் ஹான்சன் மூவரும் 2013-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனமானது. 1990 முதல் 2007 வரை அமெரிக்க உற்பத்தித் துறையில் குறைந்த வேலைகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குக்குச் சீன இறக்குமதி காரணம் என்றது அது. நான்கில் ஒரு பங்கு சிறியது இல்லை. அந்த இழப்பு சில ஊர்களின் தலையில் மொத்தமாக இறங்கியது. அந்த ஊர்களில் பல நீண்ட காலம் எழுந்திருக்கவில்லை. ஆனாலும் மிச்சமுள்ள பெரும்பகுதிக்கு இறக்குமதியைக் காட்ட முடியாது.

இப்போது அம்பத்தூருக்கு வருவோம். 1960களில் உருவான அந்தத் தொழிற்பேட்டை, லேத் பட்டறைகளாலும் டர்னர், ஃபிட்டர், மில்லர்களாலும் வளர்ந்தது. பழைய லேத்தில் ஒரு ஷாஃப்ட் கடைய வேண்டுமானால், டர்னர் இரும்பைச் சக்கில் பூட்டி, கைச்சக்கரத்தைச் சுற்றி டூலை நகர்த்தி, கொஞ்சம் சீவி, நிறுத்தி, மைக்ரோமீட்டரில் அளந்து, மறுபடி சீவுவார். ஓர் இயந்திரத்துக்கு ஓர் ஆள். அந்த ஆளின் விரலில்தான் அளவின் துல்லியம் இருந்தது. கணினி இயக்கும் சி.என்.சி. இயந்திரத்தில் அந்தத் துல்லியம் புரோகிராமுக்குப் போய்விட்டது. ஆபரேட்டர் பீஸைப் பூட்டிக் கதவைச் சாத்திப் பச்சைப் பொத்தானை அழுத்துகிறார். உள்ளே கூலன்ட் பீய்ச்சியடிக்க, டூல்கள் தாமே மாறி மாறி வெட்டுகின்றன. அந்த நேரத்தில் அவர் பக்கத்து இயந்திரத்துக்கும், அதற்கடுத்ததற்கும் பீஸ் பூட்டுகிறார். பெரிய ஆலைகளில் பூட்டுவதையும் கழற்றுவதையும் ரோபோ கையே செய்கிறது. இந்த மாற்றத்தில் ஒருவரைக்கூட வெளியே அனுப்ப வேண்டியதில்லை. மூத்த டர்னர் ஓய்வு பெறும்போது அந்த இடத்துக்கு வேறு ஆள் எடுக்காமல் விட்டால் போதும். இறக்குமதியால் ஆலை மூடினால் வாசலில் கூட்டம் கூடும், செய்தி வரும், பேச்சுவார்த்தை நடக்கும். ஆள் எடுக்காமல் விடுவதற்கு எதிராக எந்த வாசலில் நின்று கோஷம் போடுவது? இயந்திரத்தின் பங்கு நம் கண்ணில் படாமல் போவதற்குக் காரணம் இந்த அமைதிதான்.

இதைவிடத் தெளிவான சாட்சி தறியில் இருக்கிறது. நூம்பல் இருக்கும் இதே திருவள்ளூர் மாவட்டத்தில் பொதட்டூர்பேட்டையும் அம்மையார்குப்பமும் நெசவு ஊர்கள். கைத்தறி கேட்ட வீடுகளில் இப்போது விசைத்தறி கேட்கிறது. நாடு முழுவதும் கைத்தறித் தொழிலாளர் 1995-96 கணக்கெடுப்பில் 65.5 லட்சம் பேர், 2009-10-இல் 43.3 லட்சம், 2019-20-இல் 35.2 லட்சம். கால் நூற்றாண்டில் ஏறக்குறைய பாதிப் பேர் தறியை விட்டு எழுந்துவிட்டார்கள். நல்ல கூலி தேடி வேறு வேலைக்குப் போனவர்களும் இதில் உண்டு. ஆனால் அவர்கள் நெய்ததைப் போட்டியில் வென்றது பெரும்பாலும் கப்பலில் வந்த துணி இல்லை, பக்கத்துத் தெருவில் ஓடிய விசைத்தறி. சேலை, வேட்டி உள்ளிட்ட ரகங்களை விசைத்தறி நெய்யாதபடி கைத்தறிக்கே ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. முதலில் 22 ரகங்கள், இன்று 11. சுங்க வரியும் தடையும் எல்லையில் நிற்கும் பொருளைத் தடுக்கும். ஊருக்குள் ஓடும் இயந்திரத்தை எந்தச் சுங்கச் சாவடி தடுக்கும்?

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். 2001-இல் இறக்குமதி அளவுக் கட்டுப்பாடுகள் நீங்கின; 2004-இல் தாய்லாந்தோடு, 2010-இல் ஆசியான் நாடுகளோடு வரிக் குறைப்பு வந்தது. அந்த விலைப் போட்டி துரத்தியதால்தானே முதலாளி இயந்திரம் வாங்கினார், ஆகவே மூலக் காரணம் வர்த்தகம்தானே என்பார்கள். ஓரளவு உண்மைதான். ஆனால் ஒரு கேள்வியால் இதைச் சோதிக்கலாம். நாளைக் காலை எல்லா இறக்குமதிக்கும் 100 சதவீத வரி போட்டால், அம்பத்தூர் பட்டறை சி.என்.சி.யை விற்றுவிட்டுப் பழைய லேத்துக்குத் திரும்புமா? திரும்பாது. கார் கம்பெனி கேட்கும் மைக்ரான் அளவைக் கைச்சக்கரத்தால் ஆயிரம் முறை ஒரே மாதிரி தர முடியாது. வரிச் சுவர் எழுப்பினாலும் அதற்கு உள்ளே இயந்திரம் தன் வேலையைச் செய்துகொண்டுதான் இருக்கும்.

இந்தியாவில் ஆலை வேலைகளின் மொத்த எண்ணிக்கை குறையவில்லையே, இயந்திரத்தைக் கண்டு ஏன் பயப்பட வேண்டும் என்று மறுபுறமிருந்தும் கேட்பார்கள். தொழிற்சாலைகளின் ஆண்டுக் கணக்கெடுப்புப்படி எண்ணிக்கை கூடியிருப்பது உண்மை. எப்படிப்பட்ட வேலை கூடியது என்பதை அதே கணக்கெடுப்பு சொல்கிறது. 2000-களின் தொடக்கத்தில் ஆலைத் தொழிலாளர்களில் ஐந்தில் ஒருவர் ஒப்பந்தக்காரர் மூலம் வந்தவர். 2022-23-இல் பத்தில் நான்கு பேர். திறமை புரோகிராமுக்குள் போனபின், பீஸ் பூட்டும் ஆளை எப்போது வேண்டுமானாலும் மாற்றிக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. அதுவும் இயந்திரம் செய்த இழப்புதான்; வேலை இருக்கிறது, அதன் பிடிமானம் போய்விட்டது.

நோயைத் தவறாகச் சொன்னால் மருந்தும் தவறாகப் போகும் என்பதால்தான் இந்த வாதத்தை இவ்வளவு வற்புறுத்துகிறேன். இயந்திரத்தை நிறுத்து என்று நான் கேட்கவில்லை. நிறுத்தினால் பட்டறையே நிற்கும். தொழில் தகராறு சட்டத்தின் 9ஏ பிரிவில் ஒரு நல்ல விதி இருந்தது. ஆள்குறைப்புக்கு இட்டுச்செல்லக்கூடிய தொழில்நுட்ப மாற்றத்தைச் செய்யும் முன் தொழிலாளருக்கு 21 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அது தொடர்கிறது. ஆனால் ஆள் எடுக்காமல் விடுவதும், ஒப்பந்தத் தொழிலாளியை மறுநாள் வர வேண்டாம் என்பதும் நடைமுறையில் அதன் பிடிக்குள் வருவதில்லை. மாநில அரசு 71 அரசு ஐ.டி.ஐ.களை 2,877 கோடி ரூபாயில் நவீனமாக்கியது பாராட்டத்தக்க வேலை. ஆனால் அது முக்கியமாகப் பள்ளி முடித்து வரும் பிள்ளைகளுக்கானது. நாற்பது வயது ஆபரேட்டர் பெரும்பாலும் அந்த வாசலுக்குள் போவதில்லை.

சிறு நிறுவனங்கள் இயந்திரம் வாங்க, செலவில் 25 சதவீதத்தை முதலீட்டு மானியமாகத் தமிழ்நாடு அரசு தருகிறது. அதே மானியத்தோடு ஒரு நிபந்தனையைச் சேர்க்கலாம். ஏற்கெனவே அங்கு வேலை செய்பவர்களுக்கு, ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்பட, புதிய இயந்திரத்தில் சம்பளத்தோடு பயிற்சி கொடுத்த பிறகே மானியத்தின் கடைசித் தவணை என்று. அம்பத்தூர், திருமுடிவாக்கம், திருமழிசை பேட்டைகளில் ஐ.டி.ஐ.யின் மாலை வகுப்புகளை நடத்தலாம். இதற்கு டெல்லியின் அனுமதி தேவையில்லை. தலைமைச் செயலகத்திலிருந்து ஓர் அரசாணை போதும். இன்றைய நிலையில் வேலை போன ஆபரேட்டருக்கு ஈ.எஸ்.ஐ.யின் வேலையிழப்பு உதவித் திட்டம் ஒன்றில் கிடைக்கக்கூடியது, எல்லாத் தகுதியும் இருந்தால், பாதிச் சம்பளம். அதிகபட்சம் 90 நாள். ஆயுளில் ஒரே ஒரு முறை.