பெட்டி நின்றால் முதலில் படத்தை எடுங்கள்

“டீச்சரம்மா, பேத்தியோட பெட்டி மறுபடியும் நின்னு போச்சு. கொஞ்சம் வந்து பாக்குறீங்களா?”

சென்ற பள்ளி விடுமுறையில் ஒரு காலை நேரம். வாசலில் நின்றவர் எங்கள் வரிசையில் நான்காவது வீட்டுப் பாட்டி. செனாவாங் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் 31 ஆண்டுகள் பால்மரம் சீவியவர். தோட்டத்தை அழித்து வீடு கட்டியபோது, எங்களைப் போலவே லயத்தை விட்டுத் தாமானுக்குக் குடிவந்தவர். அவர் ‘பெட்டி’ என்றது கணினியை. 2020இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்து பள்ளிகள் மூடிக் கிடந்த சமயம், பேத்தி வீட்டிலிருந்தே படிக்கட்டும் என்று மகன் இரண்டாம் கையாக வாங்கிப் போட்டது. அப்போது தொடக்கப் பள்ளியில் இருந்த பெண் இப்போது நான்காம் படிவம்.

போய்ப் பார்த்தேன். திரையில் பாடம் அப்படியே நிற்கிறது. விசைப்பலகையைத் தட்டினால் ஒன்றும் நடக்கவில்லை. சில நாள் காலையிலிருந்து மாலை வரை ஓடுமாம்; சில நாள் பத்து நிமிடத்தில் நின்றுவிடுமாம். கம்பத்தில் ஒரு கடைக்காரர், “மதர்போர்டு போச்சு, வேற பெட்டி வாங்கிடுங்க, 900 வெள்ளி ஆகும்” என்று சொல்லிவிட்டார். இன்னொருவர், “விண்டோஸ் 10க்குக் காலம் முடிஞ்சு போச்சு, அதான்” என்றாராம். வாசகர்கள் இதை நம்ப வேண்டாம். 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் வழக்கமாகக் கொடுத்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன என்பது உண்மை. அந்தக் காரணத்துக்காகக் கணினி நடுவழியில் உறைந்து நிற்காது.

எனக்கு என்ன தோன்றியது? சூடுதான்! தகரக் கூரை, மூடிய ஜன்னல், பிற்பகல் வெயில். பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றினால், காற்றாடியில் பஞ்சுமெத்தை போல் தூசி, மூலையில் இரண்டு பல்லி முட்டை வேறு. பழைய வண்ணத் தூரிகையை எடுத்து முழுவதும் தட்டிச் சுத்தம் செய்தேன். இரண்டு மணி நேரம் நன்றாக ஓடியது. பாட்டி தேநீர் கொடுத்தார். நானும் பெருமையாகக் குடித்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மறுபடியும் நின்றது.

சூடு என்று நான் நினைத்ததே அவசரம். இக்காலத்துக் கணினிகளில் செயலி அளவுக்கு மீறிச் சூடானால் முதலில் தன் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதற்கும் அடங்காவிட்டால் பெட்டி சட்டென்று அணைந்துவிடும். படம் அப்படியே நிற்பதற்குச் சூடும் காரணமாகலாம்தான், ஆனால் அதை மட்டுமே சந்தேகிப்பது சரியல்ல.

சரி, எங்கிருந்து தொடங்குவது? பேத்தியிடம் ஒரு பள்ளிக்கூட நோட்டைக் கொடுத்து, “நிற்கும்போதெல்லாம் மணி என்ன, அப்போது என்ன செய்துகொண்டிருந்தாய், பெட்டியின் முகப்பில் சின்ன விளக்கு எரிந்ததா, எழுதி வை” என்றேன். இன்னொன்றும் சொல்லிக்கொடுத்தேன். நின்றவுடன் ‘கேப்ஸ் லாக்’ விசையை அழுத்திப் பார்க்க வேண்டும். அதன் விளக்கு மாறிமாறி எரிந்தால் கணினி உயிரோடுதான் இருக்கிறது, எதற்கோ காத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். விளக்கு அசையவே இல்லை, சத்தமும் ஒரே இடத்தில் ‘ர்ர்ர்’ என்று இழுக்கிறது என்றால் முழுதாக உறைந்துவிட்டது. இரண்டும் வேறு வேறு நோய்.

முழுதாக உறைவதற்குப் பெரும்பாலும் ரேம் எனப்படும் நினைவுப் பட்டைகளோ, மின்சாரம் கொடுக்கும் பெட்டியோ, மதர்போர்டோ காரணமாக இருக்கும். சில சமயம் திரைப்படத்தைக் கையாளும் மென்பொருளும் இப்படிச் செய்யும். இரண்டு ரேம் பட்டைகள் இருந்தால், மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு ஒன்றைக் கழற்றி ஒரு நாள் ஓட்டிப் பாருங்கள். அடுத்த நாள் மற்றதை. ஒரே நேரத்தில் நான்கு சாமானை மாற்றினால் எது குற்றவாளி என்று தெரியாமலே போகும். மதர்போர்டில் சின்னச் சின்ன டின் போல் நிற்கும் மின்தேக்கிகளின் தலை உப்பியிருக்கிறதா என்றும் பாருங்கள். 2000ஆம் ஆண்டுகளின் முற்பகுதியில் தரங்கெட்ட மின்தேக்கிகள் உலகம் முழுவதும் கணினிகளுக்குள் புகுந்து, உப்பி வெடித்து, ஆயிரக்கணக்கான பெட்டிகளைச் சாய்த்தன. அந்த வகையில் பழுதான தன் கணினிகளுக்காக டெல் நிறுவனம் 2005இல் 30 கோடி அமெரிக்க டாலர் ஒதுக்க வேண்டி வந்தது. நம் வீட்டில் ஒன்று உப்பியதற்கு நாம் வெட்கப்பட வேண்டியதில்லை! ஆனால் மின்சாரம் கொடுக்கும் அந்த இரும்புப் பெட்டியை மட்டும் வீட்டில் யாரும் திறக்கக் கூடாது. கம்பியைப் பிடுங்கிய பிறகும் அதற்குள் ஆளைத் தூக்கி அடிக்கும் மின்சாரம் தங்கியிருக்கும்.

நான்கு நாள் கழித்து நோட்டு வந்தது. பதினொரு முறை நின்றிருக்கிறது. பதினொன்றிலும் கேப்ஸ் லாக் விளக்கு எரிந்திருக்கிறது. ஒன்பது முறை முகப்பு விளக்கு அணையாமல் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது. ஏழு முறை, “பாட்டி படம் பார்த்தாங்க” என்று எழுதியிருந்தாள்.

அங்கேதான் எனக்குச் சுருக்கென்றது. எந்தப் படம்?

தோட்டத்தில் கடைசியாக நடந்த மாரியம்மன் திருவிழா, லயத்து வீடுகள், பெரட்டுக்களம், ஆயக்கொட்டகை வாசலில் காலமான தாத்தா. மகனின் பழைய கேமராவில் எடுத்த 640 படங்கள். கேமரா கெட்டு, அதன் அட்டை தொலைந்து, இப்போது எல்லாம் அந்தப் பெட்டிக்குள் மட்டும்தான் இருந்தன. தோட்டமோ இல்லை. மரமும் இல்லை, கோயில் நின்ற இடத்தில் கடை வரிசை நிற்கிறது. முதல் நாளே நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை ஒரு வாரம் கழித்துக் கேட்கிறேன்!

பெட்டியில் இருந்தது பழைய ரக ஹார்ட் டிஸ்க். அதற்குள் பளபளப்பான தட்டு நிமிடத்துக்கு 7200 தடவை சுற்றும். அதன்மேல் ஒட்டியும் ஒட்டாமலும் ஒரு ஊசி மிதந்து படிக்கும். தட்டில் ஓரிடம் கெட்டுவிட்டால் ஊசி அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படிக்கப் பார்க்கும். அது முடியும் வரை கணினி காத்திருக்கும். நமக்கு அது ‘நின்று போன’ மாதிரி தெரியும். படங்களில் சில கெட்ட இடத்தில் கிடந்தன. பாட்டி அவற்றைத் திறக்கும்போதெல்லாம் பெட்டி நின்றது.

காரணம் தெரிந்த பிறகாவது நான் ஒழுங்காக நடந்தேனா? இல்லை. டிஸ்கைச் சரிசெய்து கொடுத்துவிடலாம் என்ற எண்ணத்தில், விண்டோஸில் உள்ள ‘செக்டிஸ்க்’ என்ற சோதனையை, கெட்ட இடங்களையும் தேடிப் பிடிக்கும்படி இரவு முழுவதும் ஓட விட்டேன். அது தட்டின் ஒவ்வோர் அங்குலத்தையும் படிக்கும் வேலை. பட்டை காய்ந்துகொண்டிருக்கும் மரத்தை ஓய்வு கொடுக்காமல் வெட்டினால் என்ன ஆகும் என்று பால்மரம் சீவியவர்களுக்கு நான் சொல்ல வேண்டுமா? காலையில் பெட்டிக்குள் ‘டிக், டிக்’ என்று சத்தம். கணினி டிஸ்கையே காணோம் என்றது.

மின்சாரத்தை நிறுத்திவிட்டுப் பிற்பகல் வரை ஆறவிட்டோம். மறுபடி போட்டபோது ஏதோ தெய்வச் செயலாக டிஸ்க் தெரிந்தது. அந்த நேரத்தில் வேறு எதையும் தொடாமல் பேத்தி படங்களைப் பத்துப் பத்தாக ஒரு பென்டிரைவுக்கு எடுத்தாள். நின்ற இடத்தில் மல்லுக்கட்டாமல் அதை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போனாள். 412 படங்கள் வந்தன. பிறகு டிக் டிக் சத்தத்தோடு டிஸ்க் முடிந்துபோனது.

2007இல் கூகல் நிறுவனத்தின் பொறியாளர்கள் மூவர் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட டிஸ்குகளைக் கவனித்து எழுதிய கட்டுரை ஒன்று உண்டு. டிஸ்கின் பரப்பைச் சோதிக்கும்போது முதல் முறையாக ஒரு பிழை தென்பட்டால், அடுத்த 60 நாட்களுக்குள் அது செத்துப்போகும் வாய்ப்பு, பிழையில்லாத டிஸ்கைவிட 39 மடங்கு என்று அவர்கள் கண்டார்கள். அதைவிடக் கவலையான செய்தியும் அதில் இருக்கிறது. செத்துப்போன டிஸ்குகளில் பாதிக்கும் மேற்பட்டவை, முக்கியமான நான்கு முன்னறிகுறிகளில் ஒன்றைக்கூடக் காட்டவில்லை. ஆகவே சோதனையில் ‘நலம்’ என்று வந்தால்கூட நிம்மதியாகத் தூங்கிவிட முடியாது.

உங்கள் வீட்டில் நடந்தால் இப்படிச் செய்யுங்கள். நின்றவுடன் பொத்தானை அழுத்திக் கொல்லாமல் இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். தானாக மீண்டு வந்தால், சந்தேகம் முதலில் டிஸ்கின் மேல்தான். மீண்ட கையோடு, மறுபடி கிடைக்காதவற்றை மட்டும் வெளியே எடுங்கள்: படங்கள், பிள்ளைகளின் பாடவேலை, பிறப்புப் பத்திர நகல்கள். சினிமாவும் பாட்டும் பிறகு. எடுத்த பின் ‘கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ’ என்ற இலவச மென்பொருளைப் போட்டால் டிஸ்கின் உடல்நிலையை ஒரு வண்ணத்தில் காட்டும். மஞ்சள் என்றால் எச்சரிக்கை. விண்டோஸின் நிகழ்வுப் பதிவேட்டில் ‘டிஸ்க்’ என்ற பெயரோடு 7 என்ற எண் இருந்தால் கெட்ட இடம் இருக்கிறது என்று பொருள். டிக் டிக் சத்தம் கேட்டுவிட்டதா? உடனே நிறுத்துங்கள். எங்களைப் போல் மறுபடி போட்டுப் பார்ப்பது சூதாட்டம். தகவல் மீட்கும் கடைகள் உண்டு, செலவு கூடுதல். படம் அவ்வளவு முக்கியமா என்பதை வீட்டார்தான் முடிவு செய்ய வேண்டும்.

பாட்டி வீட்டுக் கணினிக்குச் சிரம்பானில் ஒரு எஸ்எஸ்டி வாங்கிப் போட்டோம். 150 வெள்ளிக்குள் முடிந்தது. மதர்போர்டு போகவே இல்லை. பெட்டி இப்போது நிற்பதும் இல்லை.

மீந்த படங்களைப் பாட்டிக்குக் காட்டினோம். ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டு, “கொட்டாய் வாசல்ல தாத்தா நிக்கிற படம் எங்கம்மா?” என்றார். அது வராத 228இல் ஒன்று. நான் மன்னிப்புக் கேட்டேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, “மரத்தையே வெட்டிட்டாங்க, நீங்க என்னா டீச்சரம்மா பண்ணுவீங்க” என்றார். எனக்கு அது ஆறுதலாக இல்லை.

பேத்தி சும்மா இருக்கவில்லை. அந்தத் திருவிழாவுக்கு வந்த பழைய தோட்டத்துக்காரர்கள் இப்போது எங்கெங்கே இருக்கிறார்கள் என்று பாட்டியைக் கேட்டு அதே நோட்டில் எழுதியிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பாவின் மோட்டாரில் போய், அவர்கள் வீட்டு ஆல்பங்களைக் கைப்பேசியில் படம் எடுத்து வருகிறாள். இதுவரை 23 கிடைத்திருக்கின்றன. அவற்றை எஸ்எஸ்டியில் ஒன்றும், பென்டிரைவில் ஒன்றும், அத்தை வீட்டில் ஒன்றுமாக மூன்று இடத்தில் வைத்திருக்கிறாள். ஆயக்கொட்டகை வாசல் படம் இன்னும் கிடைக்கவில்லை. அடுத்த வாரம் ரந்தாவ் போகிறார்கள்.