மிளகாய் விதையும் ஊமத்தை விதையும்

செத்தல் மிளகாயைக் கிள்ளும்போது சுளகில் உதிரும் விதைகளை நாம் உற்றுநோக்குவதில்லை. வேலியோரத்து ஊமத்தங்காய் முற்றி வெடித்துச் சிந்தும் விதைகளும் ஏறக்குறைய அதே தோற்றமுடையன. இதில் வியப்பில்லை, இரண்டும் ஒரே குடும்பத்துச் செடிகள். கத்தரி, தக்காளி, புகையிலை, உருளைக்கிழங்கு என்பனவும் அக்குடும்பத்தனவே. யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரர் இக்குடும்பத்துக்குப் பெரிதும் கடமைப்பட்டவர்!

உறவு நெருங்கியதாயினும் குணம் வேறு. ஊமத்தை விதையிலுள்ள அத்திரோப்பீன் முதலிய நச்சுப் பொருள்கள் நாவை வறளச் செய்யும், கண்மணியை விரிக்கும், மேனி சிவந்து காயும். உண்டவர் பிதற்றுவார், இல்லாத நூலை விரலால் இழுப்பார். உயிரிழப்பும் நேர்வதுண்டு. 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவின் நெடுஞ்சாலைகளிலே வழிப்போக்கருக்கு இவ்விதையை உணவிற் கலந்து கொடுத்து, அறிவு மயங்கியபின் பொருளைக் கவர்ந்த கள்வர் இருந்தனர். உண்டவர் வயிற்றில் அகப்பட்ட விதை கறியிலிட்ட மிளகாயினதா, ஊமத்தையினதா என்பது வழக்கையே தீர்மானிக்கக்கூடிய வினா. ஆதலாற்றான் சட்டவைத்திய நூல்கள் இவ்விரண்டையும் அருகருகே வைத்து விளக்குகின்றன.

நிறத்தை மட்டும் நம்புதல் தகாது. மிளகாய் விதை வெளிறிய மஞ்சள், ஊமத்தை விதை கபிலம் என்பது உண்மையே. ஆனால் குழம்பில் ஊறியபின் அவ்வேறுபாடு மங்கிவிடும். உருவமே உறுதியான சான்று. மிளகாய் விதை மெல்லியது, ஏறக்குறைய வட்டமானது, வழுவழுப்பானது. ஊமத்தை விதை சற்றுப் பெரியது, தடித்தது; சிறுநீரகம் போல் ஒரு பக்கம் உள்வளைந்தது. பூதக்கண்ணாடியால் நோக்கின் அதன் மேற்பரப்பெங்கும் நுண்ணிய குழிகள் தெரியும். விளிம்பையும் கவனிக்க வேண்டும். மிளகாய் விதைக்கு ஒற்றை விளிம்பு, அதுவும் கூரியது. ஊமத்தை விதையின் வளைந்த முதுகிலோ இரு வரம்புகள் அருகருகே ஓடும்.

இன்னும் ஐயமா? ஊறிய விதையைச் சவரத் தகட்டால் தட்டைவாக்கில் இரண்டாகப் பிளந்தால், உள்ளே நூல்போன்ற வெண்ணிற முளையம் காணப்படும். மிளகாயில் அது 6 என்னும் இலக்கம்போல உட்புறம் சுருண்டிருக்கும். ஊமத்தையில் அதன் நுனி வித்துத்தழும்பருகே வெளிப்புறம் வளைந்து நிற்கும். தாவரவியல் மாணவர் இதனை ஒருமுறை கண்ணாற் கண்டாற் பின் மறவார்.

மிளகாய் காரம், ஊமத்தை கசப்பு என்று சுவையையும் நூல்கள் வேறுபாடாகக் காட்டும். இதை மட்டும் மாணவர் குறிப்பேட்டிலிருந்து அடித்துவிடுதல் நன்று என்பது நம் கருத்து. நஞ்சை நாவில் வைத்து அறிய வேண்டியதில்லை.

சிவபூசைக்கு ஊமத்தம்பூக் கொய்யச் செல்லும் சிறுவர், முள்ளடர்ந்த காயை உடைத்து விளையாடாதபடி பெற்றோர் பார்த்துக்கொள்ள வேண்டும். எவரேனும் உண்டுவிட்டதாக ஐயம் தோன்றின் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்க. வாந்தியிற் கண்ட விதைகளை ஒரு போத்தலிலிட்டு வைத்தியரிடம் கொடுக்க. அரைபட்ட விதையாயின் உருவம் உதவாது. இரசாயனப் பகுப்பாய்வே அதனைக் காட்டும்.