'கிடைக்கறத மேல போடு' என்னும் கெட்ட யோசனை

பொறியியல் தரவரிசைப் பட்டியல் வெளியானதும் மேட்டுப்பாளையத்தில் எல்லோரும் கலந்தாய்வு நிபுணர் ஆகிவிடுகிறார்கள். பிரவுசிங் சென்டரில், டீக்கடையில், டியூஷன் வாசலில் கிடைப்பது ஒரே யோசனைதான்: "அஞ்சாறு காலேஜ் போட்டாப் போதுங். நெறையப் போட்டா அடியில கெடக்கறதுல தள்ளி உட்டுருவாங்க. கெடைக்கறத மேல போட்டுருங்க. பெருசை மொதல்ல போட்டா ரெண்டும் போயிருமுங்."

சொல்கிறவர்கள் அக்கறையோடுதான் சொல்கிறார்கள். ஆனால் இதில் ஒரு வரிகூடச் சரியில்லை. மாணவர் தன் மதிப்பெண்ணுக்கு வாங்கியிருக்கக்கூடிய இடத்தைத் தன் கையாலேயே விட்டுக்கொடுக்க வைக்கும் யோசனை இது.

கணினி என்ன செய்கிறது என்று பார்த்தால் விஷயம் விளங்கிவிடும். கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கு 50, வேதியியலுக்கு 50 என மொத்தம் 200க்குக் கட்-ஆஃப் போட்டுத் தரவரிசை தயாராகிறது. மாணவர்களைத் தரவரிசைப்படி சுற்றுகளாகப் பிரிக்கிறார்கள். அந்தச் சுற்றுக்குரியவர்கள் எல்லோரும் விருப்பப் பட்டியலைப் பதிந்து முடித்த பிறகுதான் ஒதுக்கீடு தொடங்குகிறது. முதல் ரேங்க்காரரின் பட்டியலை மேலிருந்து பார்க்கிறது. இடம் இருக்கும் முதல் வரியைக் கொடுத்துவிட்டு அடுத்தவரிடம் போகிறது. உங்கள் முறை வரும்போதும் அதே வேலைதான். முதல் வரியில் பொதுப் பிரிவிலும் உங்கள் இட ஒதுக்கீட்டுப் பிரிவிலும் இடம் இல்லையென்றால் இரண்டாவது வரி, அதுவும் இல்லையென்றால் மூன்றாவது வரி. நாற்பதாவது வரியைக் கணினி தொடுவதே மேலே உள்ள முப்பத்தொன்பதும் இல்லை என்று ஆன பிறகுதான். அப்படியிருக்க, அடியில் உள்ள கல்லூரி மேலே உள்ள கல்லூரியை எப்படிக் கெடுக்கும்?

பெரிய கல்லூரியை முதலில் போட்டுக் கிடைக்காமல் போனால் அபராதம் ஏதும் கிடையாது. இரண்டாவது வரிக்கு வரும்போதும் உங்கள் ரேங்க் அதே ரேங்க்தான். நீங்கள் எந்தக் கல்லூரியை எத்தனையாவதாகப் போட்டீர்கள் என்று பார்த்து இடம் தருவது கல்லூரி நிர்வாகம் அல்ல. எத்தனை விருப்பம் போடலாம் என்பதற்கும் உச்ச வரம்பு இல்லை. கலந்தாய்வில் உள்ளவை நானூறுக்கும் மேற்பட்ட கல்லூரிகள். ஐந்தோடு நிறுத்தச் சொல்லும் விதி ஊராரின் வாயில் மட்டுமே இருக்கிறது.

ஓர் உதாரணம் வைத்துக்கொள்வோம். சிறுமுகை மாணவி ஒருத்திக்குக் கோவை தடாகம் சாலை அரசு தொழில்நுட்பக் கல்லூரியான ஜி.சி.டி.யில் இ.சி.இ. படிக்க ஆசை. அது இல்லையென்றால் கோவை சி.ஐ.டி. கல்லூரி; அதுவும் இல்லையென்றால் பக்கத்துச் சுயநிதிக் கல்லூரி. யோசனைக்காரர் பேச்சைக் கேட்டுச் சுயநிதிக் கல்லூரியை முதல் வரியில் போடுகிறாள். அவள் முறை வரும்போது ஜி.சி.டி.யில் அவள் பிரிவுக்கு ஓர் இடம் மிச்சம் இருக்கிறது. கணினி அதைப் பார்க்கவே பார்க்காது. முதல் வரியைக் கொடுத்து அவள் கணக்கை முடித்துவிடும். ஜி.சி.டி. இடம் அவளைவிடக் குறைந்த மதிப்பெண் எடுத்தவருக்குப் போகும். யாரிடமும் முறையிட முடியாது, கேட்டதுதான் கிடைத்திருக்கிறது.

இழப்பு அதோடும் முடிவதில்லை. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும், அதை ஏற்றுக்கொண்டு சேரலாம். அல்லது ஏற்றுக்கொண்டே, பட்டியலில் அதற்கு மேலே உள்ள இடம் காலியானால் தாருங்கள் என்று காத்திருக்கலாம். 2022இல் வந்த இந்த 'அப்வார்டு' வசதி, கிடைத்த வரிக்கு மேலே உள்ள வரிகளுக்கு மட்டுமே செல்லும். கிடைக்கிறதை முதல் வரியில் போட்டவருக்கு மேலே என்ன இருக்கிறது?

ஐந்தே ஐந்து போட்டவர் கதை வேறு. ஐந்தும் கிடைக்காவிட்டால் அந்தச் சுற்றில் அவருக்கு ஒதுக்கீடே இல்லை. அடுத்த சுற்றுக்குப் போகும்போது, அவருக்குப் பின்னால் இருந்தவர்கள் எடுத்தது போக மிச்சம் இருப்பதில்தான் தேட வேண்டும்.

பிறகு ஏன் இந்த நம்பிக்கை இத்தனை வலுவாக இருக்கிறது? முதல் காரணம் பழைய பழக்கம். 1997 முதல் 2017 வரை ஒற்றைச் சாளரக் கலந்தாய்வுக்கு நேரில்தான் போக வேண்டியிருந்தது. இங்கிருந்து அப்பாவும் பிள்ளையும் இரவு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னைக்குப் போய், அண்ணா பல்கலைக்கழகத்தில் திரையில் ஓடும் காலியிடங்களைப் பார்த்து, அந்த நிமிடத்தில் ஒன்றைச் சொல்வார்கள். இருப்பதில் ஒன்றைப் பிடிப்பதே அங்கே சாமர்த்தியம். 2018இல் பொதுக் கலந்தாய்வு இணையத்துக்கு மாறியது. திரையைப் பார்க்கும் வேலை கணினிக்குப் போய்விட்டது. நமக்கு மிச்சம் இருப்பது விருப்பத்தைச் சொல்லும் வேலை. பழைய தலைமுறை இன்னமும் திரையைப் பார்க்கும் புத்தியோடே பட்டியல் எழுதித் தருகிறது.

இரண்டாவது காரணம் வியாபார புத்தி. நம் உருளைக்கிழங்கு மண்டியில், எந்தக் குவியல் மேல் கண் என்று முகத்தில் காட்டுகிறவருக்கு விலை ஏறும். ஆசையை மறைப்பதே அங்கே கெட்டிக்காரத்தனம். கலந்தாய்வில் எதிரே பேரம் பேச ஆள் இல்லை. ரேங்க் ஏற்கெனவே முடிவாகிவிட்டது. ஆசையை மறைத்தால் நஷ்டம் மறைத்தவருக்குத்தான்.

இந்த நம்பிக்கை உண்மையாக இருந்த ஊரும் உண்டு. அமெரிக்காவின் பாஸ்டன் நகரப் பொதுப் பள்ளிகளில் 2005 வரை, முதல் விருப்பமாகக் கேட்டவர்களுக்கே முதலில் இடம் கொடுத்தார்கள். பெரிய பள்ளியை முதலில் கேட்டுத் தவறவிட்டவர் இரண்டாவது பள்ளிக்கு வரும்போது, அதை முதலில் கேட்டவர்களால் அது நிரம்பியிருக்கும். அங்கே 'கிடைக்கறத மேல போடு' புத்திசாலித்தனம். உண்மை சொன்னவரைத் தண்டிக்கிறது என்பதாலேயே அந்த முறையைக் கைவிட்டார்கள். அதைச் சுட்டிக்காட்டியவர்களுள் ஒருவரான ஆல்வின் ராத், லாயிட் ஷாப்லியோடு 2012இல் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அந்தத் தண்டனை நம் முறையில் இல்லை. இல்லாத தண்டனைக்குப் பயந்து பிள்ளைகளைப் பொய் எழுத வைக்கிறோம்.

"போன வருசக் கட்-ஆஃப் பார்த்துத்தானுங்க சொல்றோம்" என்பார்கள். பாருங்கள், தவறில்லை. பட்டியலை எவ்வளவு கீழே நீட்ட வேண்டும் என்று அது சொல்லும். எந்த வரியை வெட்ட வேண்டும் என்று சொல்லாது. 2021இல் கொரோனாவால் பிளஸ் டூ பொதுத்தேர்வே நடக்கவில்லை. பத்தாம் வகுப்பு, பதினோராம் வகுப்பு மதிப்பெண்களையும் சேர்த்துக் கணக்கிட்டே மதிப்பெண் போட்டார்கள். அந்த ஆண்டின் கட்-ஆஃபை வைத்து, தேர்வு எழுதி வந்த 2022 மாணவருக்கு என்ன சொல்ல முடியும்? போன வருடம் எட்டாத கல்லூரி இந்த வருடம் எட்டலாம். பட்டியலில் இருந்தால்தான் எட்டும்.

இதில் ஆதாயம் பார்ப்பவர்களும் உண்டு. கலந்தாய்வில் இடம் கிடைக்காதவரும், கிடைத்த இடம் பிடிக்காதவரும்தான் நிர்வாக ஒதுக்கீட்டுத் தரகரின் வாடிக்கையாளர்கள். சிறுபான்மையினர் அல்லாத சுயநிதிக் கல்லூரிகள் 65 விழுக்காடு இடங்களைக் கலந்தாய்வுக்குத் தருகின்றன. மீதி நிர்வாகத்தின் கையில். பட்டியலைச் சுருக்கச் சொல்கிறவர் யார், அதனால் அவருக்கு என்ன வரும் என்பதையும் யோசியுங்கள்.

கலைக் கல்லூரி விண்ணப்பத்திலும் இதே பயம்தான். அரசு கலை அறிவியல் கல்லூரிகளுக்கு ஒரே இணைய விண்ணப்பம் வந்துவிட்டது. மேட்டுப்பாளையத்தோடு கோவை, ஊட்டி, அவிநாசி என்று சேர்த்துக் கேட்டால் "எங்கயும் கெடைக்காது" என்கிறார்கள். ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே தரவரிசை போடுகிறது. கோவையில் பெயர் இருப்பதால் இங்கே ரேங்க் இறங்காது. இரண்டு இடத்துக் கலந்தாய்வும் ஒரே நாளில் வந்தால் எதற்குப் போவது என்பது மட்டுமே நிஜமான கவலை.

யோசனைக்காரர்களின் பயத்தில் நியாயம் ஒன்றே ஒன்று: கொடுத்தாலும் சேர மாட்டேன் என்ற கல்லூரியைப் பட்டியலில் போடக் கூடாது. விடுதிக் கட்டணம் கட்டுப்படியாகாத ஊர், பிள்ளைக்குப் பிடிக்காத பாடப்பிரிவு இரண்டையும் அடியோடு விட்டுவிடுங்கள். பி.எஸ்.ஜி. டெக் வேறு, பி.எஸ்.ஜி. ஐடெக் வேறு, பெயரை நம்பாமல் கல்லூரிக் குறியீட்டைப் பாருங்கள். அந்தச் சோதனைகளில் தேறியதையெல்லாம் போடலாம், அறுபது ஆனாலும்.

பட்டியலைப் பூட்டுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். அடுத்தடுத்த இரண்டு வரிகளை எடுத்து, "ரெண்டும் கைக்கு வந்தா எதுல சேருவே?" என்று பிள்ளையிடம் கேளுங்கள். சேர்வேன் என்பது மேலே வரட்டும். அடிவரை இப்படியே பாருங்கள். கிடைக்குமா கிடைக்காதா என்ற கணக்கைக் கணினி பார்த்துக்கொள்ளும். அந்தக் கணக்கை நீங்கள் போட்டுப் பிள்ளையின் விருப்பத்தை வெட்டாதீர்கள்.