சாம்பலால் வரைந்தவர்கள்

வாவிக்கு இந்தப் பக்கம் எழுவான்கரை, அந்தப் பக்கம் படுவான்கரை. நாவற்குடாவில் வாவியோரம் நின்று மேற்கே பார்த்தால் அக்கரையின் மரவரிசை தெரியும். அதற்கப்பால் வட்டை. வட்டைக்கப்பால் காடு. காட்டுக்குள்ளே கற்பாறை மலைகள். அந்தக் காட்டிலிருந்து தேனும் மெழுகும் கொண்டுவந்து, நெல்லும் உப்பும் சீலையும் மாற்றிக்கொண்டு போன வேடர்களைப் பற்றி நம் மூத்தவர்கள் கதை கதையாகச் சொல்வார்கள். தேனின் ருசியைப் பேசினார்களே தவிர, கொண்டு வந்தவர்கள் எங்கே படுத்துறங்கினார்கள் என்று கேட்டவர்கள் குறைவு. அவர்களில் பலருடைய முன்னோர்க்குப் பாறையின் அடி ஒதுக்குகளே வீடு. அந்த வீடுகளில் சிலவற்றின் சுவர்களில் சித்திரங்கள் இருக்கின்றன. இம்மாதம் அவற்றைப் பற்றிச் சொல்லலாமென்று நினைக்கிறேன்.

குகை என்றதும் இருண்ட சுரங்கத்தை எண்ணிவிடாதீர்கள். நம் பக்கத்துக் குகை பெரும்பாலும் குடை போல முன்னே வளைந்து நிற்கும் பாறைதான். மழை படாது, வெயில் படாது, காற்று வரும். வெளியிலிருந்து உள்ளே போன கண்ணுக்கு முதலில் ஒன்றுமே தெரியாது. சற்றுப் பொறுத்துப் பார்த்தால் கல்லில் ஒரு வெள்ளைக் கோடு தெரியும், பிறகு இன்னொன்று. அப்புறம் அது ஒரு மனிதனாகும், கையில் வில் இருக்கும். யானை, யானை மேல் ஆள், சிறுத்தை, மான், நாய், உடும்பு என்று இலங்கையின் பல குகைகளில் இவ்வகை உருவங்கள் உண்டு. விரலால் இழுத்த கோடுகள். நம் வீட்டுச் சின்னப் பிள்ளை சுவரில் கிறுக்கியது போலத்தான் முதற்பார்வைக்கு இருக்கும். அம்பாறை மாவட்டத்தில் பொத்துவிலிலிருந்து லகுகலை தாண்டிச் சென்றால் வரும் ஹுலன்னுகே கிராமத்தின் தருளெங்கலை குகை இவற்றுள் பேர் பெற்றது. வடக்கே அநுராதபுர மாவட்டத்துத் தந்திரிமலையிலும் இத்தகைய சித்திரங்கள் உண்டு.

இப்படியான இடங்களுக்குப் போகும் பேச்சு எழுந்தபோது மாணவர் ஒருவர் என்னிடம் கேட்டார்: "ஹஸரத், உயிருள்ளவற்றின் உருவங்கள் உள்ள இடத்துக்கு நாம் போகலாமா?" நல்ல கேள்வி. முன்சென்றோர் வாழ்ந்த இடங்களைப் பூமியில் சுற்றிப் பார்க்கும்படி நமக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. வரைவதும் வணங்குவதும் ஒரு விஷயம். முன்னொரு காலத்து மக்கள் விட்டுச்சென்ற தடத்தைப் பார்த்து அறிந்து வருவது வேறொரு விஷயம். சவூதி அரேபியாவின் ஹாயில் பிரதேசத்தில் ஜுப்பா, ஷுவைமிஸ் என்ற இடங்களில் மனிதரும் ஒட்டகமும் மாடும் செதுக்கப்பட்ட பாறைகள் இருக்கின்றன. அந்த நாட்டின் முயற்சியால் 2015 ஆம் ஆண்டில் அவை யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தன. அல்ஜீரியாவின் தஸ்ஸீலி மலைப்பகுதி 1982 ஆம் ஆண்டிலேயே சேர்ந்துவிட்டது. அங்கே பதினையாயிரத்துக்கும் மேற்பட்ட ஓவியங்களும் செதுக்கல்களும் உள்ளன. இன்று மணலைத் தவிர வேறொன்றும் காணாத இடத்தில் மாட்டு மந்தைகளை வரைந்திருக்கிறார்கள். ஸஹாரா ஒரு காலத்தில் புல்வெளியாக இருந்ததற்கு அந்தச் சித்திரங்களே சாட்சி. மாணவர் சமாதானமானார். உடனே அடுத்த கேள்வியைப் போட்டார்: "எதற்காக வரைந்தார்கள்?"

இந்தக் கேள்விக்குத்தான் உலகமெங்கும் அறிஞர்கள் முட்டி மோதிக்கொள்கிறார்கள். பிரான்ஸில் லஸ்கோ குகை 1940 ஆம் ஆண்டில் நான்கு பையன்களின் கண்ணில் பட்டது. இந்தியாவின் மத்தியப் பிரதேசத்தில் பீம்பெட்கா பாறை ஒதுக்குகளை வாகண்கர் என்ற ஆய்வாளர் 1957 ஆம் ஆண்டில் ரயிலில் போகும்போது தூரத்துப் பாறைகளைக் கண்டு, பிறகு நடந்துபோய்க் கண்டறிந்தார். இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவில் ஒரு பன்றியும் மனித உருவங்களும் உள்ள ஓவியத்துக்குக் குறைந்தது 51,200 வருடங்கள் என்று 2024 ஆம் ஆண்டில் கணித்தார்கள். வேட்டை பலிக்கச் செய்த மந்திரம் என்பார் ஒருவர். சமயச் சடங்கு என்பார் மற்றொருவர். கதை சொல்வதற்காக என்பார் இன்னொருவர். யாரிடம் போய்க் கேட்பது? வரைந்தவர்கள் மண்ணோடு மண்ணாகி எத்தனையோ ஆயிரம் ஆண்டுகள் ஆகிவிட்டன.

நம் நாட்டில் கேட்கக் கிடைத்தது. சார்ள்ஸ் செலிக்மன் என்ற மானிடவியலாளரும் அவருடைய மனைவி பிரெண்டாவும் சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கே வந்து, வேடர்கள் மத்தியில் காடு காடாக நடந்தார்கள். அவர்கள் எழுதிய நூல் 1911 ஆம் ஆண்டில் வெளியாயிற்று. குகைச் சுவர்களில் கண்ட சித்திரங்களைப் பிரதி செய்துகொண்டு, இவற்றை வரைந்தவர் யார் என்று வேடர்களிடமே விசாரித்தார்கள். கிடைத்த பதில் பெரிய பெரிய கொள்கைகளையெல்லாம் ஒரு பக்கம் தள்ளி வைத்துவிடக்கூடியது. பெண்கள்தாம் வரைந்தார்களாம். வேட்டைக்குப் போன ஆண்கள் திரும்பி வரும் வரை காத்திருக்கும் நேரத்தில், அடுப்புச் சாம்பலை எச்சிலில் குழைத்து, விரலால் வரைந்தார்களாம். மந்திரமுமில்லை, சடங்குமில்லை.

எனக்கு இந்தப் பதில் மிகவும் பிடித்திருக்கிறது. நம் வீடுகளில் உம்மாமார் பன்பாய் இழைத்ததைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாகவும் இராது. சமையல் முடிந்து, பிள்ளைகள் உறங்கி, வாப்பா வாவியிலிருந்தோ வட்டையிலிருந்தோ வந்து சேராத பொழுதில் எத்தனை பாய்கள் முடிந்திருக்கின்றன! சாயமிட்ட பன்னைக் குறுக்கே கோத்து அவர்கள் போட்ட கோலங்களுக்கு எந்தப் பேராசிரியரும் மந்திர விளக்கம் சொல்லவில்லை. ஆயிரம் வருடம் கழித்து அந்தப் பாயொன்று மண்ணுக்குள்ளிருந்து கிடைத்தால் சொல்வார்களோ என்னவோ.

இதைக் கொண்டு உலகத்துக் குகை ஓவியங்கள் எல்லாமே பெண்களின் பொழுதுபோக்கு என்று முடிவுகட்டவும் கூடாது. ஒரு நாட்டில் ஒரு மக்கள் சொன்ன பதில் அது. தவிர, இன்னொரு குழப்பமும் நம்மவரிடம் உண்டு. குகையின் தரையைத் தோண்டி எடுப்பதன் வயதும் சுவரில் இருப்பதன் வயதும் ஒன்றல்ல. சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த சரசின் சகோதரர்கள் என்று பலரும் சொல்லும் இருவர் (உண்மையில் ஒன்றுவிட்ட உறவுக்காரர்) 1907 ஆம் ஆண்டில் நில்கலைக் குகைகளைத் தோண்டிக் கற்கால ஆயுதங்களை எடுத்தார்கள். களுத்துறை மாவட்டத்துப் பாகியங்கலை குகையில் கிடைத்த எலும்பு அம்பு முனைகளுக்குச் சுமார் 48,000 வருடம் என்று 2020 ஆம் ஆண்டில் ஆய்வு வந்தது. அவ்வளவு பழைமை தரைக்கு உண்டு. ஆனால் எச்சிலில் குழைத்த சாம்பல் அவ்வளவு காலம் நிற்குமா? சுலாவெசியில் வயது கண்டது ஓவியத்தின் மேல் படிந்த சுண்ணப் படிவத்தைக் கொண்டு. அங்குள்ளது சுண்ணாம்புக் கல். கிழக்கிலுள்ள நம் பாறைகள் கருங்கல் இனம். அந்த வழி இங்கே சரிவராது. ஆகவே வெள்ளைக் கோட்டைக் கண்டவுடனே "ஐம்பதினாயிரம் வருடம்" என்று யாராவது சொன்னால் சற்று மெதுவாகவே தலையாட்டுங்கள். சில சித்திரங்கள் நம் பாட்டனாரின் பாட்டனார் காலத்தவையாகவும் இருக்கலாம். அதனால் மதிப்புக் குறைந்துவிடாது. வரைந்த கையின் வம்சம் இன்னும் உயிரோடு இருக்கிறது என்பது எனக்கு ஆண்டுக் கணக்கைவிடப் பெரிதாகப் படுகிறது.

அந்த வம்சம் எங்கே? தம்பானை என்று சட்டென்று பதில் வரும். உல்லாசப் பிரயாணிகள் போகும் இடம் அதுவே. 1983 ஆம் ஆண்டில் மதுறு ஓயா தேசிய வனம் பிரகடனமானபோது வேட்டையாடிய காட்டுக்குள்ளேயே அவர்கள் அத்துமீறுவோர் ஆனார்கள். அதற்கும் முன்னே, 1949 ஆம் ஆண்டில் தொடங்கிய கல்லோயாத் திட்டத்தில் அவர்களுடைய வேட்டை நிலத்தில் பெரும்பங்கு சேனநாயக்க சமுத்திரத்தின் தண்ணீருக்கடியில் போயிற்று. சம்மாந்துறை, அக்கரைப்பற்று வட்டைகளில் விளையும் நெல்லுக்குப் பாய்வது அந்தத் தண்ணீர்தான். நாம் உண்ணும் சோற்றில் ஒரு பிடி அவர்கள் இழந்த காட்டிலிருந்து வருகிறது என்பதைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதில் தவறில்லை. இன்னொரு கூட்டத்தார் தம்பானைக்கும் போக வேண்டாதபடி நமக்கு அருகிலேயே இருக்கிறார்கள். வாகரை, கதிரவெளிப் பக்கத்தில் தமிழ் பேசும் வேடர்கள் வாழ்கிறார்கள். கரையோர வேடர் என்று செலிக்மன் தம்பதியர் தனியாகவே எழுதினார்கள். நம்முடைய மொழியையே பேசும் அவர்களிடம் நாம் கேட்டது என்ன? மீன் என்ன விலை என்று கேட்டிருப்போம்.

குகைகளைப் பற்றிப் பேச நம்மவர் தயங்குவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அதை மறைத்துப் பயனில்லை. கிழக்கிலே தொல்பொருள் என்ற சொல்லைக் கேட்டாலே காணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. எல்லைக் கல் நடுவார்களோ, பயிர் செய்த நிலத்துக்குள் போகவிட மாட்டார்களோ என்ற பயம். 2020 ஆம் ஆண்டு ஜூன் மாதம் கிழக்கு மாகாணத் தொல்பொருள் மரபுரிமைக்கென ஜனாதிபதி செயலணி அமைந்தபோது தொடக்கத்தில் அதில் ஒரு தமிழரும் இல்லை, ஒரு முஸ்லிமும் இல்லை. பயத்துக்குக் காரணம் இல்லையென்று யார் சொல்வது? ஆனால் அந்தப் பயம் நம்மை எங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறது பாருங்கள். பழைய கல் என்றால் விலகிப் போ, அது வேறு யாருடையதோ என்று பிள்ளைகளுக்குப் பழக்கிவிட்டோம். வேடப் பெண் சாம்பல் தொட்டு வரைந்த யானை சிங்களவருடையதா, தமிழருடையதா, முஸ்லிம்களுடையதா? அதன் மேல் உரிமைப் பத்திரம் நீட்டுவதற்கு மூவருக்கும் முகமில்லை. ஆகவே மூவரும் பயமின்றிப் போய்ப் பார்க்கத்தக்க இடமும் அதுவே என்பது என் கருத்து. நம் பிள்ளைகளில் தொல்லியல் படித்தவர்கள் பெருகினால் செயலணிகளில் நமக்கு இடம் கேட்கும்போது கையைக் காட்ட ஆட்களும் இருப்பார்கள்.

போகிறவர்கள் அறிய வேண்டியவை சில. எண்ணெய்யோ மெழுகோ சேராத வெறும் சாம்பல் அது. ஒரு ஈரக்கையால் துடைத்தால் போதும், ஒரு சமூகத்தின் ஞாபகம் கையோடு வந்துவிடும். படம் தெளிவாக விழட்டும் என்று சுவரில் தண்ணீர் தெளிப்பவர்கள் இருக்கிறார்கள். சோக்குக் கட்டியால் கோட்டின் மேல் கோடு இழுப்பவர்கள் இருக்கிறார்கள். குகைக்குள் அடுப்பு மூட்டினால் புகைக்கரி மேலே படியும். லஸ்கோவில் யாரும் கை வைக்கவில்லை. வந்து போன கூட்டத்தின் மூச்சுக் காற்றிலேயே சுவர் பாசி பிடித்தது. திறந்து பதினைந்து வருடத்தில், 1963 ஆம் ஆண்டில், பொதுமக்களுக்குக் கதவைச் சாத்திவிட்டார்கள். பின்னர் 1983 ஆம் ஆண்டிலிருந்து பக்கத்தில் கட்டிய பிரதிக் குகையைத்தான் ஜனங்கள் பார்க்கிறார்கள். பெயர் எழுதும் பழக்கம் எல்லாவற்றிலும் மோசம். 1940 ஆம் ஆண்டின் தொல்பொருட் சட்டப்படி அது குற்றம். 2015 ஆம் ஆண்டில் சிகிரியாவின் கண்ணாடிச் சுவரில் பெயரைக் கீறிய நம் கிழக்கு மாகாணத்து இளம்பெண் ஒருவருக்கு இரண்டு வருடச் சிறைத் தண்டனை கிடைத்தது. பிறகு ஜனாதிபதி மன்னித்து விடுதலை செய்தார். சட்டம் தெரியாது என்பது நீதிமன்றத்தில் எடுபடவில்லை. பிள்ளைகளை அழைத்துச் செல்லும் ஆசிரியர்மார் பஸ் ஏறுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிட வேண்டும்.

மாரி காலத்தில் போக வேண்டாம். கார்த்திகை, மார்கழியில் காட்டு வழி சேறாகிவிடும். பொத்துவிலுக்கு முதல் நாளே போய்த் தங்கிவிட்டால் காலையில் வெயில் ஏறுமுன் மலையடிக்குப் போகலாம். லகுகலை யானைக்காடு, அந்தி சாயுமுன் தெருவுக்கு வந்துவிடுங்கள். ஊரவர் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிக்கொள்வது அவசியம். வழிக்காக மட்டுமல்ல, பாறை விளிம்பில் தொங்கும் மலைத்தேனீக் கூட்டையும் கரடி படுக்கும் பொந்தையும் அவர்தான் அறிவார். இத்தகைய குகைகள் பலவற்றில் பௌத்த பிக்குகள் முற்காலத்தில் வசித்தார்கள். சிலவற்றில் இன்றும் வசிக்கிறார்கள். மழைநீர் உள்ளே வழியாதபடி பாறை நெற்றியில் வெட்டிய விளிம்பும் அதன் கீழே பிராமி எழுத்தும் கண்டால் அது அவர்கள் இருந்த இடம் என்று அறியலாம். அங்கே சத்தம் போடாமல், செருப்பைக் கழற்றச் சொன்னால் கழற்றி, கேட்டுக்கொண்டு உள்ளே போவது நம் மார்க்கம் கற்பித்த அதபுதானே. சாப்பாட்டுப் பார்சலைக் குகைக்கு வெளியே மர நிழலில் பிரியுங்கள். பொலித்தீன் பையை ஊருக்கே திருப்பிக் கொண்டுவாருங்கள். பெண்பிள்ளைகளையும் கட்டாயம் கூட்டிப்போங்கள். வரைந்தவர்கள் பெண்கள் என்று அந்தச் சுவருக்கு முன்னால் நின்று கேட்க வேண்டியவர்கள் அவர்களே.

கையோடு ஒரு கொப்பியும் பென்சிலும் இருக்கட்டும். எந்த இடத்தில், தரையிலிருந்து எத்தனை சாண் உயரத்தில், எந்த உருவம் என்று எழுதிக்கொண்டு வந்து, அடுத்த லீவில் வாகரைப் பக்கம் போய் அங்குள்ள வேட மூத்தம்மா ஒருவரிடம் காட்டிக் கேளுங்கள். செலிக்மன் தம்பதியர் கேட்டு நூற்றுப் பத்து வருடங்களுக்கு மேலாகிவிட்டது. அவர்கள் மொழிபெயர்ப்பாளரை வைத்துக் கேட்க வேண்டியிருந்தது. வாகரையில் நமக்கு அது தேவையில்லை.