எங்க ஊருக்கு எதுக்குங்க ரயில்?

"செம்பரம்பாக்கமா? ஏரி இருக்கிற ஊர்தானே?" 2015 வெள்ளத்துக்கு அப்புறம் இதைக் கேட்காத ஆளே இல்லை. ஆமாங்க, ஏரி இருக்கிறது. ரயில்தான் இல்லை. பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆவடிக்கு இன்னொரு பஸ், அப்புறம்தான் லோக்கல் ட்ரெயின். இதைப் புலம்பினால் நண்பன் ஒருத்தன் சொல்கிறான்: "வந்தே பாரத் காலத்துல இன்னும் லோக்கல் ட்ரெயினையே பிடிச்சுத் தொங்கறியேடா!"

அவனுக்காகத்தான் இந்தப் பதிவு. ஒரு பழைய ஜெர்மன் இன்ஜின் கதை சொல்கிறேன். பொறுமையாகப் படிக்கவும்.

மேற்கு ஜெர்மனி ரயில்வே 1951ல் '65' என்ற நீராவி இன்ஜின் வகையைக் கொண்டுவந்தது. க்ராஸ்-மாஃபை கம்பெனி தயாரிப்பு. முன்னால் 2, நடுவில் 8, பின்னால் 4 என்று சக்கரங்கள். வேகம் மணிக்கு 85 கிலோமீட்டர். அவ்வளவுதானா என்று சிரிக்காதீர்கள். விஷயம் வேகத்தில் இல்லை.

சாதாரண நீராவி இன்ஜின் கரியையும் தண்ணீரையும் பின்னால் டெண்டர் என்ற தனி வண்டியில் இழுத்துக்கொண்டு போகும். கடைசி ஸ்டேஷன் வந்தால் அதைத் திருப்ப வட்டமேடை வேண்டும், நேரம் வேண்டும். டேங்க் இன்ஜினோ எல்லாவற்றையும் தன் முதுகிலேயே சுமக்கும். மறுமுனையில் போய் மாட்டினால் போதும், திருப்பாமலே அதே 85ல் பின்பக்கமாக ஓடும். தண்ணீரின் எடை சக்கரத்தை அழுத்துவதால் நின்று நின்று கிளம்பவும் தோது. அதாவது, ஆபீஸ் போகிறவன் தினமும் போய்த் திரும்புவான் என்பதை யாரோ உட்கார்ந்து யோசித்திருக்கிறார்கள். போர் முடிந்து ஆறே வருஷம் ஆன நாட்டில்!

கட்டியது 18தான். டீசலும் மின்சாரமும் வந்ததும் 1972க்குள் எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிட்டார்கள். அதனால் நான் கரி இன்ஜினுக்குக் கொடி பிடிக்கவில்லை. அந்த யோசனையைத்தான் கேட்கிறேன்.

நமக்கு அது தெரியாதா? நன்றாகவே தெரியும். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931லேயே வந்தது. சித்தரஞ்சனில் 1959 முதல் 'டபிள்யூ.டி.' என்ற டேங்க் இன்ஜினை, கிட்டத்தட்ட அதே சக்கர அமைப்பில், புறநகர் ரயிலுக்கென்றே கட்டினோம். ஆனால் சென்னையின் மேற்குப் பக்கம், திருவள்ளூர் தடத்துக்கு, மின்சார ரயில் வந்தது 1979ல். 48 வருஷம் தாமதம்! வந்தே பாரத் பிறந்த ஐசிஎஃப் பெரம்பூரில்தான் இருக்கிறது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

"அதான் மெட்ரோ வருதே" என்பீர்கள். கலங்கரை விளக்கம் - பூந்தமல்லி தடம் நல்ல விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அது கிழக்கே நகருக்குள் போகிறவனுக்கு. அம்பத்தூரில் வேலை, ஆவடியில் படிப்பு, ஸ்ரீபெரும்புதூரில் ஷிப்ட் என்று இருப்பவன் என்ன செய்வான்? அவனுக்கும் ஒரு பதில் இருந்தது. ஆவடி, ஸ்ரீபெரும்புதூர், கூடுவாஞ்சேரியை இணைக்கும் சுமார் 60 கிலோமீட்டர் புதுப் பாதை 2013-14 ரயில்வே பட்ஜெட்டில் இடம்பிடித்தது. அன்று ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளைகள் பள்ளிப்படிப்பையே முடித்துவிட்டார்கள். பாதை மட்டும் காகிதத்தை விட்டு இறங்கவில்லை.

காசு இல்லை, நிலம் இல்லை என்பதெல்லாம் பாதிக் காரணம். மீதிக் காரணம், லோக்கல் ட்ரெயினுக்குக் கொடியசைத்தால் போட்டோ நன்றாக வராது. சென்னையிலிருந்து பெங்களூருக்கு எவ்வளவு சீக்கிரம் போகலாம் என்று கணக்குப் போடுகிறவர்கள், செம்பரம்பாக்கத்திலிருந்து ஆவடிக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்று ஒருநாள் பஸ்ஸில் வந்து பார்க்கட்டும்.

உட்கார இடம் கிடைக்கும் என்று மட்டும் நான் உத்தரவாதம் தர மாட்டேன்.