ஓடோமீட்டர் சொல்லாதது

"குறைவாக ஓடிய பழைய போர்ஷே 911தான் நம்பகமானது, ஓடாத எஞ்சின் தேயாது" என்கிறார்கள். தவறு.

ஒன்று: 1997இல் வந்த 996 என்ற 911 தலைமுறையின் சாதாரண எஞ்சினில், கேம்ஷாஃப்டுகளை ஓட்டும் இடைத் தண்டின் பேரிங்கை கிரீஸ் வைத்து சீல் செய்திருப்பார்கள். வயதாகி சீல் கெட்டிப்பட்டால் ஆயில் உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிடும். பேரிங் உடைந்தால் டைமிங் தவறும், வால்வும் பிஸ்டனும் மோதும், எஞ்சினே போய்விடும். இதை ஓடோமீட்டர் காட்டுமா?

இரண்டு: டயரும் ரப்பர் குழாய்களும் நின்ற இடத்திலேயே கெடும்.

"911 எல்லாமே இப்படித்தான்" என்பதும் பிழை. அதே தலைமுறை டர்போ, ஜிடி3 எஞ்சின்களின் அமைப்பே வேறு; இந்த சீல் பேரிங் அவற்றில் இல்லை.

வாங்கும் முன் கேளுங்கள்: பேரிங் மாற்றிய பில் எங்கே? ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்துப் பார்த்தார்களா? மடிப்புகளில் உலோகத் துகள் மின்னினால், எவ்வளவு விலை குறைத்தாலும் வாங்காதீர்கள்.