மலை சரியும் நாளில்

2025 நவம்பர் இறுதியில் ‘டித்வா’ புயல் மலைநாட்டைச் சிதைத்தபோது, நுவரெலியா செல்லும் வீதிகள் மண்சரிவால் அறுந்தன; நானுஓயாவைக் கடக்கும் புகையிரதப் பாதையும் சேதமுற்றது. நிவாரணம் என்றால் அரிசி, பாய், போர்வை என்றே எண்ணிப் பழகிவிட்டோம். குடல் அறுவைச் சிகிச்சைக்குப்பின் வயிற்றில் அமைத்த வாயிலிற் பை பொருத்தி வாழ்வோரை யார் எண்ணினர்?

அப்பையைச் சில நாட்களுக்கொருமுறை மாற்றியேயாகவேண்டும். தவறின் மலங்கசிந்து தோல் புண்ணாகும். நாணத்தால் உண்ணாது பருகாது ஒடுங்குவர். சிறுகுடலில் வாயில் அமைந்தோர்க்கோ நீரும் உப்பும் விரைந்து வற்றி உயிருக்கே ஆபத்து நேரும்.

ஆதலின் இரு வாரத்துக்குப் போதிய பைகள், அளவாக முன்னரே வெட்டிய ஒட்டுத்தகடுகள், ஜீவனி, வாயிலின் அளவு குறித்த சீட்டு ஆகியவற்றை நீர்புகா உறையிலிட்டுக் கதவருகே வைத்திருத்தல் வேண்டும். அடுப்பங்கரைப் பரண் ஆகாது. சூட்டிற் பசை கெடும்.

ஆயின், நாட்சம்பளக்காரர் இரு வாரப் பைகளை எங்ஙனம் சேமிப்பர்? வைத்தியசாலையும் தோட்ட வைத்திய உதவியாளரும் இத்தகையோரின் இடாப்பொன்றைப் பேணி, அவர்க்குரியதை இலவசமாய் முற்கூட்டியே வழங்கவேண்டும். வாக்காளர் இடாப்பில் நம் பெயரைத் தேடி லயன்தோறும் ஏறி வருவோர் இதற்கும் ஏறட்டும். முகாம்தோறும் திரைமறைத்த ஒரு மூலையும் ஒரு வாளி நீரும் ஒதுக்குமாறு பிரதேச செயலகங்களைக் கோருகின்றோம். அதுவும் வைகாசி மழைக்கு முன்னர்.